மொகுடும் ஹாரனும்

“...அதத்தான் நானும் சொல்றேன் சம்பந்தியம்மா, மொகுடூ மோகடு, ஹாரனூ மோகது. இவங்கள நம்பி மலை ஏறினா, வளைவுல எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு யாரு சொல்றது நாம வர்றோம்னு?”

சொன்னவர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். எனக்கு மூத்தார், கூப்பிடுவது மாமா என்று. சொன்ன இடம் புத்தூர் பெரிய ரோட்டில் ஒரு டீக்கடை எதிரில். ஓரம் கட்டி நின்றிருந்தது எங்கள் வண்டி. கேட்டுக்கொண்டிருந்தவர் மூத்தார் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியம்மணி, மாப்பிள்ளையின் தாயார், வெதுருகுப்பத்துத் தெலுங்குக்காரம்மா. கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பாதி டீ கீழே போயிற்று.

அந்த வாக்கியத்தை முழுக்கத் தமிழில் சொன்னால் செத்துவிடும். தெலுங்கில் மொகுடு என்றால் புருஷன். மோகது என்றால் சத்தம் வராது. அதையே ஆண்பிள்ளைக்குச் சொன்னால் மோகடு. புருஷனும் ஒலிக்கமாட்டான், ஹாரனும் ஒலிக்காது. ஓர் எழுத்தை நீட்டி, இன்னொன்றைக் கொஞ்சம் அசைத்தால் புருஷன் ஊமையாகிவிடுகிறான். நாங்கள் நகரிக்காரர்கள். பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம். நடுவில் இப்படி ஏதாவது முளைத்தால் எனக்கு விட மனசு வராது. யார் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தாலும் முந்தானையில் முடிந்துகொள்கிற பழக்கம் எனக்கு. பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் சொல்லிக் கொடுத்தார்கள், தமிழ் எழுத்தை நானே காலண்டர் தாளையும் பொட்டலக் காகிதத்தையும் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அதனால் பேச்சு என்றால் எனக்குத் தின்பண்டம் மாதிரி. அந்த வார்த்தை மட்டும் வேறு ஒருத்தியின் புருஷனைப் பற்றியதாக இருந்திருந்தால், சாயங்காலத்துக்குள் நாலு வீட்டில் நானே சொல்லிச் சிரித்திருப்பேன். அவ்வளவு நல்ல வார்த்தை.

என் புருஷனுக்குக் குரல் கிடையாது. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலர் சேருகிற இடத்தில், மூச்சுவிட ஓர் ஓட்டை. அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி தொங்கும். உதட்டை அசைப்பார், நான் படித்துக்கொள்வேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “குரல் போயிடும்மா, ஆள் இருப்பார்” என்றார். “ஆள் இருந்தா போதும் சார், குரல் எங்கிட்ட ரெண்டு பேருக்குக் கீது” என்றேன். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், கட்டிலில் இருந்த இவரும் சிரித்தார். அதுதான் இவர் சத்தமாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு. தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு அதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருப்பேன்.

அதற்கப்புறம் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். ஏழு பேர் உட்காருகிற வெள்ளை வண்டி. நகரியிலிருந்து திருப்பதிக்கு ஆள் ஏற்றுவோம். கல்யாணம், ஆஸ்பத்திரி, மலை, ரேணிகுண்டா ஸ்டேஷன், எதுவானாலும் போவோம். இவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசுவேன், வழி கேட்பேன், சண்டை போடவேண்டிய இடத்தில் சண்டை போடுவேன். ஒருநாள் ஏர்பேட்டில் இறங்கிய கிழவர் ஒருவர், “நல்ல வண்டிம்மா உங்குளுது. டிரைவரு தனி, ஸ்பீக்கரு தனி” என்றார். அதையும் முடிந்துவைத்திருக்கிறேன்.

ஆனால் நான் இல்லாத இடத்தில் இவருக்கு வாய், ஹாரன்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். தறி ஓடுகிற நேரத்தில் தொண்டை இருக்கிறவனே கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். இவர் வாசலில் வண்டியை நிறுத்தி, சின்னதாய் ரெண்டு தரம் ஹாரனைத் தட்டுவார். அது எனக்கு. ‘நான் வந்துட்டேன்’ என்றும் அர்த்தம், ‘நீ வா’ என்றும் அர்த்தம். நீளமாய் ஒன்று அடித்தால் ரோட்டில் போகிறவனுக்கு. ரெண்டு சின்னதுக்கும் நடுவில் இவர் விடுகிற இடைவெளி வேறு யாருக்கும் வராது. அத்தனை தறிச் சத்தத்திலும் என் காதுக்கு அது தனியாகக் கேட்கும். கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பக்கத்து வீட்டுப் பெண்கள், “போம்மா, உன் மொகுடு கூப்டுறாரு” என்று கேலி செய்வார்கள். அடுத்த வீட்டில் குடியிருக்கிற மூத்தாரும் அதைத் தினம் கேட்கிறவர்தான்.

வண்டிக் காகிதம் மூத்தார் பேரில் இருந்தது. வாங்கும்போது அப்படி எழுதச் சொன்னவர் இவரே. “அண்ணன் பேருல இருந்தா இன்னா, எம்பேருல இருந்தா இன்னா” என்றார். குரல் இருந்த காலத்தில் இவர் பேசியதில் எனக்குப் பிடிக்காத பேச்சு அது ஒன்றுதான்.

மூத்தாரின் மாப்பிள்ளைக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை போய்விட்டது. அதிலிருந்து மூத்தாருக்கு எங்கள் வண்டி மேல் கண். நேராகக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? அதனால் தம்பி மேல் அக்கறை வந்துவிட்டது. “தொண்டையில ஓட்டைய வச்சிக்கினு ரோட்டுத் தூசில ஓட்றானே, நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?” என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கடைசியில் சொந்தக்காரர்களை உட்கார வைத்துப் பேசினார். அவருடைய பேரக் குழந்தைக்குத் திருமலையில் முடி இறக்க வேண்டியிருந்தது. “சரி, அந்தப் பயணத்துக்கு அவனே ஓட்டட்டும். ஒரு கொறை இல்லாம மலைக்குக் கொண்டும்போயி கொண்டாந்து வுட்டான்னா, வண்டிப் பேச்சையே நான் எடுக்கமாட்டேன். கொறை வந்துச்சின்னா மாப்ளகிட்ட குடுத்துடணும்” என்றார் மூத்தார். இவர் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். “சரின்றார்” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்தப் பயணம்தான் இது.

விடிந்ததும் இவர் வண்டியைக் கழுவித் துடைத்து, டயர்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வாசலில் நிறுத்தி ரெண்டு தரம் தட்டினார். கணீரென்று கேட்டது. நான் சாமந்திப் பூமாலையோடும், திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரத்தோடும் வந்தேன். சரத்தை நூலில் கோத்திருந்தேன். மூத்தார் வாங்கிப் பார்த்தார்.

“நூலா? நூலு அந்துடும்.”

“மாமா, எப்பவும் நூலுதான் கட்றது.”

“எப்பவும் கட்னதாலதான் இவன் இந்த கெதியில கீறான்.”

மூத்தார் கட்டட மேஸ்திரி. அவர் சட்டைப் பையில் சாமி படம் இல்லாமல் இருக்கும், கட்டுக் கம்பி இல்லாமல் இருக்காது. தூண் கம்பிகளைச் சேர்த்து முறுக்குகிற அந்த மெல்லிய கறுப்புக் கம்பியால் அவர் கட்டாத பொருள் கிடையாது. அவர் வீட்டில் பக்கெட்டுப் பிடி, கேட்டு, மூக்குக் கண்ணாடி, கொடிக் கயிறு எல்லாம் அதில்தான் நிற்கின்றன. நூலை உருவிப் போட்டுவிட்டுப் பழத்தையும் மிளகாயையும் முழத்துக்கு மேல் நீளமான கம்பியில் ஏற்றி, வண்டி மூக்கின் வலைக்குள் வாலை விட்டு, ரெண்டு முறுக்கு முறுக்கினார். மேலே பூமாலையை நான் சாத்தினேன்.

ஏறும்போது முன்சீட்டுக் கதவை நான் திறந்தேன். அவர் கை குறுக்கே வந்தது.

“நீ பின்னால ஏறு. இன்னிக்கி வாயி நான் பாத்துக்கறேன்.”

பின்னால் கடைசி சீட்டில் சாமான்களோடு உட்கார்ந்தேன். நடுவில் சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, குழந்தையோடு மூத்தார் மகள். அந்தப் பெண் இவர் தோளில் வளர்ந்தவள். “நைனா, சித்தப்பா பாவம், சும்மா இரு” என்று ரெண்டொரு முறை சொன்னாள். “சும்மாதான்டி கீறேன். அவந்தான் பேசிக்கினே வரான், உனக்குக் கேக்கலியா?” என்றார் அவர். மாப்பிள்ளை குனிந்து போனைப் பார்த்துச் சிரித்தான்.

வழியெல்லாம் இதுதான். ரயில்வே கேட்டில் வண்டி நின்றால், “கேக்குறானாம், கேட்டு எப்ப தெறப்பாங்கன்னு.” இவர் சும்மா வாயைத் திறந்து கொட்டாவி விட்டால், “பாட்டு பாட்றான் கேளுங்க சம்பந்தியம்மா.” இவருக்குக் காது நன்றாகக் கேட்கும். குரல் இல்லாதவனுக்குக் காதும் இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூத்தாருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினார். பின்சீட்டிலிருந்து எனக்கு இவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்தில் வண்டி நன்றாகக் குலுங்கியது.

புத்தூர் நுழைகிற இடத்தில் ஸ்கூட்டர்காரன் ஒருவன் சந்திலிருந்து பாய்ந்தான். இவர் ஹாரனை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். பிரேக் போட்ட வேகத்தில் நாங்கள் எல்லோரும் முன்னால் போய் மோதினோம், குழந்தை வீறிட்டது. ஸ்கூட்டர்காரன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினான்: “ஏரா மூகோடா! ஹாரன் கொட்டலேவா?” ஏண்டா ஊமை, ஹாரன் அடிக்க முடியாதா என்று. போகிற போக்கில் எவனோ யாரையோ திட்டுகிற திட்டுதான். ஆனால் மூத்தார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அட! பாத்ததும் கண்டுபுடிச்சிட்டாண்டா உன்ன!”

அப்புறம் டீக்கடை. அப்புறம் அந்த வார்த்தை.

“எலும்பு முறிஞ்சா புத்தூருல கட்டு போட்றாங்க. ஹாரன் முறிஞ்சா இங்க யாருக்குக் காட்றது அன்னய்யா?” என்று சம்பந்தியம்மாவும் தெலுங்கில் தன் பங்குக்கு எடுத்துவிட்டார். அந்த அம்மா பேச்சில் விஷம் கிடையாது. எதையும் சிரிப்பாகச் சொல்கிற ஆள். எனக்குக்கூடக் கொஞ்சம் உதடு வளைந்தது. மூத்தார் என்னைப் பார்த்தார். “பாத்தியா, இவளுக்கே சிரிப்பு வருது.”

கூப்பிடு தூரத்தில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கிற கடை ஒன்று இருந்தது. ஷட்டர் இறக்கிக் கிடந்தது. திறக்க இன்னும் நேரம் ஆகும் என்றார் டீக்கடைக்காரர். மூத்தார் மணி பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். “இன்னாடா, கொறை வந்துடிச்சா?” என்று கேட்டார்.

இவர் பதிலுக்கு பானட்டைத் தூக்கினார்.

எனக்குத் தெரிந்தவரை ஹாரன் வேலையில் ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து அமுக்க வேண்டும், இன்னொருவர் வெளியே காது வைக்க வேண்டும். வெளியே இருக்கிறவர் ‘அமுக்கு’, ‘வுடு’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். எங்கள் வழக்கம் வேறு. இவர் பானட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் நான் அமுக்குவேன், ரெண்டு தட்டினால் விடுவேன். நான் டிரைவர் சீட்டுப் பக்கம் போனேன். அதற்குள் மூத்தார் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“நான் அமுக்கறேன். மலைக்குப் போறவன் நான்தான?”

இவர் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, ஹாரனுக்கு உள்ளதைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பல் மாதிரி சின்ன நீல வில்லை. நடுவில் உள்ள கம்பி அறுந்து கறுத்திருந்தது. என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இது மாற்றினால் போகிற கதை. மூடியின் உள்பக்கம் உபரியாகச் செருகி வைத்திருந்த வில்லையை எடுத்துப் போட்டார். தலையைத் தாழ்த்தி, காதை இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டு, பானட்டில் ஒரு தட்டு தட்டினார்.

மூத்தார் அமுக்கவில்லை.

இவர் மறுபடி தட்டினார்.

“இன்னாடா?” என்று உள்ளிருந்து கத்தினார் மூத்தார். “வாயத் தொறந்து சொல்லு! அங்க இன்னா மத்தளம் வாசிக்கிறியா?”

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மாமா, தட்டினா அமுக்கணும்” என்றேன் நான். “ஓ, அமுக்கணுமா?” என்று அமுக்கினார். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இவர் வில்லையைப் பிடுங்கிப் பார்த்தார். புதுசும் அறுந்திருந்தது.

இவர் என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “ஃபியூஸ் போட்ட ஒடனே போவுது மாமா. எங்கியோ கரண்டு போற ஒயரு வண்டி ஒடம்புல தொட்டுக்கினு கீதாம். அதக் கண்டுபுடிக்காம எத்தினி போட்டாலும் போவுமாம்.”

“அவன் சொன்னானா, நீயே சொல்றியா?”

“அவருதான் மாமா.”

“உதட்ட ரெண்டு தரம் ஆட்டினான், நீ இவ்ளோ நீளத்துக்குச் சொல்றே. ரெண்டு பேருல யாருக்கு வாயில்லன்னு டாக்டரு ஒயுங்கா பாத்தானா?”

அதற்கும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் எத்தனை முறை வாயை மூடினேன் என்று எனக்கே ஆச்சரியம். வண்டி போய்விட்டால் இவர் தறியில் உட்கார முடியாது, பஞ்சுத் தூசி கழுத்து ஓட்டைக்குள் போகும், மூச்சு அடைக்கும். கடைக்குப் போய் நிற்க முடியாது, பேச வேண்டும். இந்த உலகத்தில் பேசாமல் இவர் செய்யக்கூடிய வேலை இந்த ஒன்றுதான். அது அந்த நீல வில்லையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் மூத்தாருக்கு அதுவே போதும்.

அதே நீல வில்லை பெட்டியில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. போன் சார்ஜ் போடுகிற துளைக்கு உள்ளது. அதையும் பிடுங்கினார். இதுவும் போனால் முடிந்தது. ஆனால் இந்த முறை உடனே போடவில்லை. முன்பக்கம் போய் மண்டிபோட்டு, பூமாலைக்குப் பின்னால் கைவிட்டு, தடவித் தடவி ஹாரனுக்குப் போகிற ரெண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டார். பிறகு வில்லையைப் போட்டுவிட்டு ஒரு தட்டு. மூத்தார் அமுக்கினார். ‘டிக்.’ பிடுங்கிப் பார்த்தார். கம்பி அறுபடவில்லை.

அந்தக் கழுத்துத் துணி ஒருமுறை பெரிதாய் ஏறி இறங்கியது. இவருடைய பெருமூச்சு அப்படித்தான் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. வழியில் உள்ள ஒயரெல்லாம் சரி, கோளாறு ஹாரன் இருக்கிற இடத்திலேயேதான்.

பூமாலையை ஒதுக்கினார். உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் குனிந்தேன்.

வலைக்குள் மூத்தார் விட்ட கட்டுக் கம்பியின் வால், ரயில்வே கேட்டில் குலுங்கிய குலுக்கலில் உள்ளே இறங்கி, ஹாரனில் ஒயர் மாட்டுகிற பித்தளை முனையின் மேல் ஒரு பக்கமும் இரும்புப் பட்டையின் மேல் ஒரு பக்கமுமாகக் குறுக்கே படுத்திருந்தது. தொட்ட இடத்தில் பொட்டு வைத்த மாதிரி கறுப்பு. நூலாக இருந்திருந்தால் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு வந்திருக்கும்.

இவர் என்னைப் பார்த்தார். உதடு அசையவில்லை. வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

முறுக்கைப் பிரித்துச் சரத்தை வெளியே எடுத்தார். அதில் ஒரு மிளகாய் நசுங்கி அவர் விரலெல்லாம் ஆகிவிட்டது. கவனிக்காமல் அதே கையால் கழுத்துத் துணியைச் சரிசெய்தார். அடுத்த நொடி அப்படியே சுருண்டுவிட்டார். ஓட்டையின் ஓரம் எரிச்சல். இருமல் வருகிறது, சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாய் ஓடுகிறது. நான் பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்துச் சுற்றித் துடைத்தேன். ஜன்னலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்த மூத்தார், “அய்வுறான் பாரு, ஹாரன் வரலன்னு. அய்வுறதுகூட சைலன்ட்ல கீது” என்றார். “நைனா!” என்று அவர் மகள் கத்தினாள். சம்பந்தியம்மா இந்த முறை சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

இருமல் அடங்கியதும் இவர் முனைகளைத் துடைத்து, ஒயரை மாட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றி, எழுந்து நின்றார். பானட்டில் ஒரு தட்டு.

ஹாரன் அலறியது. பெஞ்சில் இருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார். கிளம்பும்போதிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கப்பென்று அடங்கி, அப்புறம் கெக்கெக்கே என்று சிரித்தது. நான் கைகூப்பிவிட்டேன், யாரை என்று தெரியாது. மலை அங்கேயிருந்து எந்தப் பக்கம் என்றுகூட யோசிக்கவில்லை.

“ஏமைந்தி?” என்றார் சம்பந்தியம்மா. என்ன ஆகியிருந்தது என்று கேட்டார்.

“எதோ ஒயரு தொட்டுக்கினு இருந்துச்சி பெரியம்மா” என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் இவர் கையில் அந்தச் சரம் இருந்தது. திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, கால் படக்கூடாது. கட்டிய கைதான் எடுத்து முச்சந்தியில் போட வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். இவர் அதையெல்லாம் விடமாட்டார். சரத்தை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, டிரைவர் சீட்டில் இருந்த அண்ணன் முன்னால் போய், கொஞ்சம் குனிந்து நீட்டினார். அதில் மரியாதை தவிர வேறு ஒன்றும் இல்லை. வாய் இருந்திருந்தால் ‘எங்க போட்றதுண்ணா?’ என்று கேட்டிருப்பார். வாய் இல்லாததால் பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. பழமும் மிளகாயும் தொங்க, கட்டுக் கம்பி வெயிலில் கறுப்பாய், நுனியில் கருகிய பொட்டோடு நீண்டுகொண்டிருந்தது.

சம்பந்தியம்மா கம்பியைப் பார்த்தார், மூத்தாரின் சட்டைப் பையைப் பார்த்தார். அங்கேயும் அதே கம்பி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஐதே மீ கம்பேனா, அன்னய்யா?” அப்படின்னா உங்க கம்பிதானா என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. என் வீட்டுக்காரரின் தோளில் ஒரு தட்டு தட்டி, டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “மொகுடு மோகினாடு! சூடண்டி, மொகுடு மோகினாடு!”

புருஷன் ஒலித்துவிட்டான், பாருங்கள் என்று அர்த்தம்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். மகள் சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணில் இன்னும் தண்ணீரோடு இவரும் சிரித்தார், தோள் ரெண்டும் குலுங்க, சத்தமில்லாமல். நான் மட்டும் மூத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதை இப்போதும் நான் முடிந்துவைத்திருக்கிறேன், ஆனால் யாரிடமும் சொல்வதில்லை.

மூத்தாரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். இறங்கும்போதே சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

“கொறை இல்லாம போயிட்டு வரணும்னுதான பேசினோம்?” என்றார் தம்பியிடம், ரொம்ப அன்பாக. “கொறை வந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

இவர் உதடு அசைந்தது.

“கேக்கல.”

“மாமா, அது...” என்று நான் ஆரம்பித்தேன்.

“உன்னக் கேக்கல. அவனக் கேட்டேன்.” கொஞ்ச நேரம் காதை இவர் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு நின்றார். “ஒண்ணும் சொல்லமாட்றான். அப்ப வந்துச்சின்னுதான் அர்த்தம். மாப்ள, நீ ஏறு.”

சாவியைத் தூக்கிப் போட்டார். மாப்பிள்ளை பிடித்தான். பிடிக்காமல் விட்டிருக்கலாம். சம்பந்தியம்மா, “அதி காது அன்னய்யா...” என்று இழுத்தார். அது அப்படி இல்லையே என்று சொல்ல வந்தார். அவர் மகன் கண்ணைக் காட்டினான். அந்த அம்மா போய் ஏறிக்கொண்டார். குழந்தையோடு மூத்தார் மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சரம் இன்னும் இவருடைய ரெண்டு கையிலும் நீட்டியபடி இருந்தது. மூத்தார் அதை வாங்கினார். கம்பியை நிமிர்த்தினார். கல்யாண மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற மாதிரி தம்பியின் கழுத்தில் போட்டு, பின்பக்கம் போய், ரெண்டு நுனியையும் சேர்த்து, தூண் கம்பியைக் கட்டுகிற அதே கையால் ரெண்டு முறுக்கு முறுக்கினார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் சரியாக அந்த வெள்ளைத் துணி மேல் வந்து நின்றன.

“நூலுன்னா அந்துடும்” என்றார்.

இவர் கையைத் தூக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன். மேஸ்திரி முறுக்கு, என் நகத்துக்குப் பிரியவில்லை.

“நீ வேணும்னா வா, பின்னால எடம் கீது” என்றார் என்னிடம். நான் திரும்பவில்லை. அவர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினான். எங்களைத் தாண்டும்போது வண்டி மெதுவானது. மூத்தார் மாப்பிள்ளையின் குறுக்கே கையை நீட்டி ஹாரனைத் தட்டினார். சின்னதாய், ரெண்டு தரம், நடுவில் இவர் விடுகிற அதே இடைவெளி விட்டு.